தேயாத ஷூ

ஷூவின் அடியில் ஒட்டியிருந்த வட்டச் சீட்டுதான் முதலில் என் கண்ணில் பட்டது. எட்டாம் நம்பர் என்று அச்சடித்த சின்னச் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஷூவையும் ஒரு தடவை அலசிப் போடலாம் என்று மொபெட்டில் தொங்கும் பையிலிருந்து எடுத்தேன். ஐப்பசியில் வாங்கியது, இப்போது ஆனி. தினமும் விடிகாலையில் அதைப் போட்டுக்கொண்டு திருமுக்குளத்தைச் சுற்றி நடப்பதாகத்தான் நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அம்மாவும் நானும் அதைத்தான் நம்பியிருந்தோம். ஆனால் அடியில் மண் இல்லை. பள்ளங்களில் ஒரு பொடிக் கல்கூடச் சிக்கியிருக்கவில்லை. சீட்டின் ஓரம் சுருளாமல், கடையில் பார்த்த மாதிரியே இருந்தது. சோப்புத் தண்ணீர் வாளியில் ஒரு கையை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அலசாமலே திரும்பப் பையில் வைத்துவிட்டேன்.

அப்பா, பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுவதுதான் வழக்கம். மகன் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போகும்போது, மகளுக்குக் கல்யாணம் ஆகும்போது எழுதுவார்கள். நம் வீட்டில் அது தலைகீழாகிவிட்டது. இந்த ஒரு வருஷமாக நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், மாத்திரை போட்டீர்களா, நடந்தீர்களா என்று கேட்கிறவள் நான். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஏமாற்றுகிறவர் நீங்கள். பதினேழு வயதில் எனக்கு நாற்பத்தெட்டு வயதில் ஒரு பிள்ளை. வாயால் சொல்லலாம்தான், எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் நான் ‘உள்ளேன்’ சொல்வது பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது என்று டீச்சர் சொல்வார். உங்கள் முன்னால் நின்று நாலு வார்த்தை பேசலாம் என்று வருவேன். “என்ன தாயி” என்பீர்கள். “ஒண்ணுமில்லப்பா” என்று உள்ளே போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உங்களைப் போலத் தெருவுக்கு நாலு அப்பாக்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களும் படித்தால் படிக்கட்டும்.

போன வருஷம் ஜூன் மாதம் நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் ராஜபாளையம் மில்லிலிருந்து உங்களை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். நூல்கோன் மூட்டையைத் தூக்கும்போது அடிவயிற்றில் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டீர்களாம். குடலிறக்கம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உங்களை எடை மெஷினில் ஏறச் சொன்னார், சுகர் பார்த்தார், பிறகு நம் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். “ஆபரேஷன் சின்னதுதான். ஆனா இந்தத் தொப்பையோட கத்தி வச்சா தையல் தாங்காது, திரும்பப் பிதுங்கிரும். சுகரும் இம்புட்டு இருக்கு, புண்ணு ஆறாது. எடையக் குறைச்சிட்டு வாங்க, ஒடனே செஞ்சு விடுதேன்.” அதுவரை பாரம் தூக்கக் கூடாது, ஆனால் தினமும் நடந்தே ஆக வேண்டும் என்றார். மூட்டை தூக்காத ஆளுக்கு உங்கள் மில்லில் வேலை கிடையாது. அதுவும் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தை விடு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அதுதான் நம் வீட்டின் சாமர்த்தியம். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, “என் பால்கோவாக் கடைச் சம்பளத்த மட்டும் வச்சு எப்பிடி ஓட்ட” என்றாள். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். நான் வேலைக்குப் போகிறேன் என்றேன். இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. தலைமையாசிரியையிடம் போனபோது அவர், “ஒரு வருஷந்தான. அடுத்த ஜூன்ல வா, சேத்துக்கிடுதேன். அதையும் விட்டா பொறவு நீயே வரமாட்ட. நான் நெறையப் பிள்ளைகளப் பாத்துட்டேன்” என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் தலையில் கை வைத்து, “ஆறு மாசத்துல அப்பா சரியாயிருவேன் தாயி. அடுத்த வருஷம் நீ பள்ளிக்கூடம் போற” என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் தொப்பை எனக்குத் தொப்பையாகவே தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலில் யாரோ குறுக்கே உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரிந்தது.

அதிலிருந்து தினமும் ஏழு மணி பஸ்ஸில் ராஜபாளையம் போகிறேன். பேண்டேஜ் துணியை வெட்டிச் சுருட்டிப் பொட்டலம் போடுகிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். சாயங்காலம் பஸ்ஸில் இடம் கிடைத்தால் அதுதான் அன்றைக்கு நான் உட்காருகிற முதல் தடவை. மூக்கிலும் தலைமுடியிலும் பஞ்சுத்தூசி. சாப்பாட்டு நேரத்தில் பாதி நாள் எனக்குச் சாப்பாடு இறங்காது. பீரோவில் மடித்து வைத்திருந்த பள்ளிக்கூடச் சுடிதாரைப் பொங்கலுக்கு முந்தி ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். தோளிலிருந்து நழுவியது. அம்மா பார்த்துவிட்டு, “ஏட்டி, என்ன இப்பிடி வத்திப் போய்க் கெடக்க. நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவன் என்ன சொல்லுவான்” என்றாள். குறைய வேண்டியவர் நீங்கள். குறைந்தது நான். இந்த வீட்டிலிருந்து எடை போகத்தான் செய்தது அப்பா, உங்கள் உடம்பிலிருந்து போகவில்லை.

உங்களால் முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு கசக்கிறது. போன ஆடிமாதம் ஞாபகம் இருக்கிறதா. வத்திராயிருப்பில் மாமா வீட்டில் அத்தைக்குப் பிரசவம் என்று அம்மா கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனாள். ஆடிப்பூரத் தேருக்குக்கூட அவள் ஊரில் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் சமையல் என் கைக்கு வந்தது. எனக்கு வகைவகையாகச் சமைக்கத் தெரியாது, அதுவே உங்களுக்கு மருந்தாகிவிட்டது. டாக்டரம்மா சொன்னபடி தட்டில் பாதிக்குக் காய் வைத்தேன். புடலங்காய், கீரைத்தண்டு, வெண்டைக்காய், எது மலிவோ அது. சோறு ஒரு கரண்டி, மோர் நிறைய. இரவு ஏழு மணிக்குள் சாப்பாடு. சாப்பிட்டதும் படுக்காமல் தெருமுனை வரை போய்வரச் சொன்னேன், ரப்பர் செருப்போடு போய் வந்தீர்கள். முதல் வாரம் உங்களுக்கு என்மேல் கோபம். “கைதிக்குப் போடுத மாதிரி போடுத” என்றீர்கள். இரண்டாவது வாரம் காலையிலும் நடக்க ஆரம்பித்தீர்கள். மாதக் கடைசியில் கல்யாணத்துக்கு எடுத்த பழைய சட்டையின் பொத்தான் வயிற்றில் பூட்டியது. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தீர்கள். நான் அடுப்படிக்குப் போய் யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டேன். ஜூனுக்கு இன்னும் எவ்வளவோ மாதம் இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஆவணியில் சுந்தரபாண்டியம் கல்யாணத்துக்குப் போனீர்கள். அங்கேதான் எல்லாம் கெட்டது. பந்தலுக்குள் நுழைந்ததும் உங்கள் மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார். “என்ன மாப்ள, ஆளே உருகிட்டிய. சுகர் முத்திருச்சோ?” இன்னொருத்தர், “கன்னம் ரெண்டும் ஒட்டிப் போச்சே, வேற எதுவும் பெரிய சீக்கா, டாக்டர் மறைக்காவளா” என்றார். சித்தி ஒருத்தி அம்மாவைப் பார்த்து, “ஏட்டி, அவியளுக்குச் சோறு போடுதியா இல்லியா” என்று கேட்டாள். ஒருத்தர்கூட நன்றாக இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. நம் சனங்களுக்கு உடம்பு இளைத்தால் ஒன்று கடன், இல்லாவிட்டால் சீக்கு, அதுவும் இல்லையென்றால் பெண்டாட்டி சரியில்லை. மறுநாள் சாயங்காலம் அம்மா கடையிலிருந்து வரும்போது பால்கோவாச் சட்டி வழித்ததை வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்தாள். “வெறும் வழிப்புதான, இதுல என்ன இருக்கு” என்று உங்கள் முன்னால் வைத்தாள். நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாப்பிட்டீர்கள். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊர் என்ன சொல்லும் என்று பயந்து உடம்பை வளர்க்காதீர்கள் அப்பா. ஊர் தூக்க வராது. உங்களை வேனிலிருந்து இறக்கியபோது மில்லு ஆட்கள் இரண்டு பேரும் நானும் அம்மாவும்தான் தூக்கினோம்.

அதன் பிறகு வந்தது புரட்டாசி. சனிக்கிழமைதோறும் ஒருபொழுது இருப்பது நம் வீட்டில் வழக்கம். பகலில் ஒரு தடவைதான் சோறு, இரவில் பலகாரம். இந்த வருஷம் சனிக்கிழமை மட்டும் போதாது, வியாழனும் இருக்கிறேன், உடம்பும் குறையும் புண்ணியமும் ஆகும் என்றீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரவு பஸ் இறங்கி வந்து பார்த்தால் உங்கள் முன்னால் பூரி அடுக்கியிருந்தது. “பூரியாப்பா” என்று மட்டும் கேட்டேன். “சோறத் தொடலயே தாயி” என்றீர்கள். அம்மா அடுப்படியிலிருந்து, “டாக்டரம்மா கோதுமதான் நல்லதுன்னு சொன்னாவல்லா” என்றாள். “அவிய சொன்னது சப்பாத்திட்டி” என்றீர்கள். “ரெண்டும் ஒரே மாவுதான.” “அதச் சொல்லு. இது செத்த நேரம் எண்ணெயில குளிச்சிருக்கு, அம்புட்டுதான்.” இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டேன் என்பது இப்போது நினைத்தால் எரிகிறது. நம் வீட்டில் சோறு ஒன்றுதான் சாப்பாடு. மற்றதெல்லாம் கணக்கில் வராது. இட்லி அரிசி இல்லையாம், தோசை அரிசி இல்லையாம், உப்புமா விரதமாம். சோற்றை ஒதுக்கிவிட்டு அதைவிட இரண்டு பங்கு வயிற்றுக்குள் போட்டுவிட்டு, நான் இன்று பட்டினி என்று நீங்கள் உண்மையாகவே நம்பினீர்கள். பொய் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். நம்புகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது. வயிற்றுக்குள் போய்விட்டால் அதற்குப் பெயர் கிடையாது அப்பா. விரதம் என்று சொன்னாலும் பலகாரம் என்று சொன்னாலும் உடம்பு அதை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் வைக்கும்.

அந்தப் புரட்டாசியில்தான் தெருவில் நடக்கும்போது செருப்பைக் குத்திக்கொண்டு கண்ணாடிச் சில்லு உங்கள் காலில் ஏறியது. சின்னக் காயம். சுகர் காலில் அது ஆறுவதற்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் நடை கிடையாது, சாப்பாடு மட்டும் உண்டு. “இனிமே செருப்போட நடக்கக் கூடாது, கால மூடுன மாதிரி ஷூ வாங்கிக் குடுங்க” என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் இறங்கி என் சம்பளத்தில் அந்த ஷூவை வாங்கினேன். கடையில் இரண்டு விதம் காட்டினார்கள். ஒன்று அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்தது. இன்னொன்று கயிறு கட்டுவது. கயிறு கட்டுவதுதான் காலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று கடைக்காரப் பையன் சொன்னான். எதிர்த்து ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அதையே வாங்கி வந்தேன். நீங்கள் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா கனமில்லாம இருக்கு தாயி” என்றீர்கள். மறுநாள் விடிகாலையில் ஷூவைப் பையில் போட்டு மொபெட்டில் மாட்டினீர்கள். ஏன் இங்கேயே போட்டுக்கொள்ளவில்லை என்று அம்மா கேட்டதற்கு, “தெருவெல்லாம் சகதி, அங்க போய்ப் போட்டுக்கிடுதேன்” என்றீர்கள். நம் வீட்டிலிருந்து குளத்துக்கு நடந்தே போய்விடலாம். நடப்பதற்காக நீங்கள் மொபெட்டில் போனீர்கள். அது எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

மார்கழி பிறந்ததும் நடை கோயில்வரை நீண்டது என்றீர்கள். திரும்பி வரும்போது தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் இருக்கும். நெய் விரல் வழியாக ஒழுகும். நீங்கள் கோயிலிலேயே ஒரு தொன்னை முடித்திருப்பீர்கள், இது எங்களுக்காம். ஆனால் அம்மா விடிவதற்கு முன்பே பால்கோவாக் கடைக்குப் போயிருப்பாள், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். அதுவும் உங்களுக்கே. ஒரு நாள் நான் தொன்னையை எடுத்து மூடி வைக்கப் போனேன். “ஏட்டி, சாமி பிரசாதத்துல சுகர் ஏறாது. ஆண்டாள் குடுக்கத வேண்டாம்னு கைய மடக்கச் சொல்லுதியா” என்று கோபமாகக் கேட்டீர்கள். பிரசாதத்தை நான் குறை சொல்லவில்லை. கண்ணில் ஒற்றி ஒரு வாய் போட்டுக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கொடுத்தால் ஆண்டாள் கோபித்துக்கொள்ளவா போகிறாள். உங்களுக்குப் பசி இல்லை, வாய்தான் கேட்கிறது. அதற்கு நீங்கள் சாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்கள். மார்கழி முடிந்து தை பிறந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்திருக்க உங்களுக்குக் கைப்பிடி தேவைப்பட்டது. கீழே விழுந்த பேப்பரைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து, “இத எடு தாயி” என்பீர்கள். நானும் எடுத்துக் கொடுத்தேன். ஏன் குனியவில்லை என்று கேட்கவில்லை.

ஜூன் வந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. காலையில் பஸ் ஸ்டாண்டில் என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவர்கள் இப்போது பன்னிரண்டு போகிறார்கள். சாப்பாட்டுப் பையை முன்னால் மறைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நிற்கிறேன். ஒரு நாள் தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவருடைய பஸ் வந்ததும் ஏறிவிட்டார். போன வியாழக்கிழமை நாம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்றைக்கு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள், அந்தச் சீட்டைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் காட்டி, கொஞ்ச நாளில் வந்துவிடுகிறேன், இடம் வைத்திருங்கள் என்று கேட்கலாம் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் பாடம் பண்ணிக்கொண்டே வந்தேன். மெஷினில் ஏறினீர்கள். டாக்டரம்மா பழைய சீட்டை எடுத்துப் பார்த்தார். “போன வருஷத்தவிடக் கூடியிருக்கே. நடக்கியளா இல்லியா?” “தெனமும் நடக்கேம்மா. பிள்ள வாங்கிக் குடுத்த ஷூ போட்டு நடக்கேன்” என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். “தெனமும் நடந்தும் ஏறுதுன்னா தைராய்டு இருக்கான்னு பாக்கணும்” என்று ரத்தம் எடுக்க அனுப்பினார். உங்கள் பொய்க்காக உங்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தும்போதுகூட நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஷூவின் அடியில் அந்த வட்டச் சீட்டைப் பார்த்தேன். திங்கட்கிழமை சீக்கிரமாகவே வேலைக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, உங்கள் மொபெட் போன பிறகு குளக்கரைக்கு நடந்து வந்தேன். டீக்கடைக்குப் பக்கத்தில் நின்ற ஆட்டோவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நீங்கள் ரப்பர் செருப்போடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். கையில் வடை. கூட நாலைந்து பேர். சுப்பையா மாமா மட்டும் ஒரு சுற்று நடந்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உங்களோடு மில்லில் வேலை பார்த்தவர், உங்களை ‘ஏலே’ என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

“ஏலே, அந்த ஷூவ என்னைக்குத்தாம்லே போடப் போற? மொபெட்டுக்குல்லா வாங்கியிருக்க. அதுதான் தெனமும் மாட்டிட்டு வருது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

“போடுவோம்லே.”

“எந்திரி. ஒரு சுத்து போயிட்டு வா. வடை எங்கயும் ஓடிறாது.”

நீங்கள் வடையைக் கீழே வைத்தீர்கள். “குனிஞ்சா அடிவயித்துல பிடிக்குதுலே. தொப்ப வேற முட்டுது. என் கால் வெரலப் பாத்தே மாசக்கணக்காச்சு. கயித்த எங்கிட்டுக் கட்ட?”

“வீட்ல பிள்ளகிட்டச் சொன்னா கட்டி விட்டுட்டுப் போகுது. செத்த நேரத்து வேல.”

“வயசுக்கு வந்த பிள்ளையப் போயிச் செருப்பத் தொடுன்னு சொல்லவா? அது படிப்ப விட்டதே என்னாலதான். அதுகிட்டக் காலையும் நீட்டணுமாக்கும்.” பிறகு கடைக்காரரைப் பார்த்து, “இன்னும் ஒரு வடை எடும்” என்றீர்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும் என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். இளகவில்லை. கோபம்தான் வந்தது, பஸ்ஸிலும் வந்தது, கம்பெனியில் துணி சுருட்டும்போதும் வந்தது. என்னிடம் காலை நீட்டக் கூச்சப்பட்டீர்கள். என்னை வேலைக்கு அனுப்பக் கூச்சப்படவில்லை. என்னைப் போலக் கூச்சப்படுகிறவள் நம் தெருவில் யாரும் கிடையாது. கம்பெனியில் சேர்ந்த புதிதில் பாத்ரூம் எங்கே என்று கேட்கக் கூசிக்கொண்டு சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லக் கூசி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்திருக்கிறேன். அந்தக் கூச்சத்தோடுதான் ஒரு வருஷம் போய்வந்தேன். நீங்கள் உங்கள் கூச்சத்தை பெஞ்சில் உட்காரவைத்து வடை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இருந்தது உங்கள் தொப்பை என்று இத்தனை நாள் நினைத்தேன். கடைசியில் பார்த்தால் இரண்டு முடிச்சு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கட்டிவிட்டிருப்பேன். இல்லாவிட்டால் அந்தக் கடையில் பட்டை வைத்த ஷூவைக் கேட்டு மாற்றி வாங்கியிருப்பேன். என்மேல் உள்ள பாசத்தால் மறைத்தேன் என்று சொல்லாதீர்கள். பாசம் அப்படி வேலை செய்தால் அது எனக்கு வேண்டாம்.

இந்த ஜூன் போய்விட்டது. அடுத்த ஜூனில் தலைமையாசிரியை என்னைச் சேர்ப்பார் என்று நான் நம்பவில்லை, நானே போவேனா என்பதும் தெரியவில்லை. அதனால் எனக்காக நடங்கள் என்று உங்களைக் கேட்க மாட்டேன். கேட்டுப் பார்த்தாகிவிட்டது. உங்களுக்காக நடங்கள். ஒரே நாளில் குளத்தை நாலு சுற்று சுற்றிவிட்டு மறுநாள் படுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சுற்று போதும், தினமும் போதும், மூச்சு வாங்கினால் நின்றுவிட்டுப் போங்கள். தட்டில் பாதிக்குக் காய் இருக்கட்டும். ஒருபொழுது என்றால் ஒருபொழுதாகவே இருங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், பெருமாள் கேட்க மாட்டார். அம்மா வழிப்பைக் கொண்டுவந்தால் அவளையே சாப்பிடச் சொல்லுங்கள், அவள்தான் நாள் முழுக்கக் கிண்டிவிட்டு வருகிறாள். கல்யாண வீட்டில் இளைத்துவிட்டீர்கள் என்று யாராவது சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிட்டு இலையை மூடுங்கள். வருகிற மாதம் ஆஸ்பத்திரிக்கு நான் கூட வர மாட்டேன். நடந்தீர்களா என்று டாக்டரம்மா கேட்கும்போது உங்களுக்காகத் தலையாட்ட அங்கே ஆள் இருக்காது.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் அம்மா கடைக்குப் போன பிறகு நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பையிலிருந்து ஷூவை எடுத்துவந்து உங்கள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். “ஏட்டி, என்னட்டி செய்த. அதக் கீழ வை” என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டீர்கள். அடியில் இருந்த சீட்டை நகத்தால் கீறிப் பிய்த்தேன். உங்கள் வலது காலைப் பிடித்து இழுத்து என் மடியில் வைத்து ஷூவை மாட்டினேன். கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டேன். இடது காலுக்கும் போட்டேன். பிறகு ஆணியில் தொங்கிய மொபெட் சாவியை எடுத்து என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏழு மணி பஸ்ஸுக்குப் போனேன்.